குதிரை ஏறும் பெண்ணுக்குக் கெண்டைக்கால் கவசம்

நரிக்குடியில் உட்கார்ந்துகொண்டு குதிரைச் சவாரியைப் பற்றி எழுதுகிறாளே, இவளுக்கு என்ன ஆச்சு என்று சகோதரிகள் சிரிக்கலாம். மதுரையில் சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கிய கதை நமக்குத் தெரியும். எங்கள் வீட்டிலோ நரிக்குடிப் பெண்ணே பரி ஏறிவிட்டாள்! ஏறியவளின் கால் பட்ட பாட்டைப் பார்த்து, அதற்கு என்ன உறை போடலாம், எதில் சௌகரியம், எதில் வீண் செலவு என்று நாலு பேரிடம் விசாரித்தேன். கடைசியில் நானே தைத்தும் கொடுத்தேன். இப்போதெல்லாம் பட்டணங்களில் பெண்பிள்ளைகள் சவாரி கற்றுக்கொள்ளப் போகிறார்கள். அந்தத் தாய்மார்களுக்கு உபயோகப்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. மானாமதுரையிலிருந்து விருதுநகர் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் சீமைக்கருவேலம்தான். குதிரை என்றால் அய்யனார் கோயில் வாசலில் நிற்கிற மண் குதிரை. அதைத் தவிர வேறு குதிரையை நான் கிட்டத்தில் பார்த்ததில்லை. என் மூத்த மகள் சென்னைக்குக் கால்நடை மருத்துவம் படிக்கப் போனாள். என்.சி.சி.யில் குதிரைப் பிரிவு என்று ஒன்று உண்டாம். கால்நடை மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி நடப்பது. பெண்களும் சேரலாம் என்றதும் பெயர் கொடுத்துவிட்டாள். எங்களுக்கு விஷயம் தெரிந்தது ஒரு மாதம் கழித்து!

என் மாமியார் பிலாக்கணமே வைத்துவிட்டார். "ஏத்தா, பொம்பளைப் பிள்ளைக்குக் குதிரை எதுக்கு? விழுந்து கை காலு போனா எவன் கட்டுவான்?"

"அப்பத்தா, வேலு நாச்சியார் குதிரை ஏறலையா?" என்றாள் இவள்.

"அவுக ராணி ஆத்தா. நீ யாரு?"

அதற்கு மேல் யார் பேசுவது! ஆனால் அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சிவகங்கைச் சீமை ராணி வேலு நாச்சியார் 1730இல் ராமநாதபுரம் அரண்மனையில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே வாள், வில், குதிரையேற்றம் எல்லாம் கற்றவர். 1772இல் காளையார்கோவிலில் கணவரைப் பறிகொடுத்து, 1780இல் சீமையை மீட்டவர். அவருக்குத் துணை நின்ற மருது சகோதரர்கள் எங்கள் நரிக்குடிக்குப் பக்கத்து முக்குளத்தில் பிறந்தவர்கள். எங்கள் மண்ணில் பெண் குதிரை ஏறுவது புதுசு ஒன்றும் இல்லை என்று மாமியாரிடம் நானும் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன்.

பொங்கல் லீவுக்கு வந்தவளின் துணிகளை ஊறப்போட எடுத்தபோதுதான் ஜீன்ஸின் உட்புறம் கறை தெரிந்தது. இரண்டு காலிலும் ஒரே இடத்தில், முழங்காலுக்குக் கீழே. கேட்டால், "ஒண்ணுமில்லைம்மா, புதுசா ஏறுறவங்க எல்லாருக்கும் வர்றதுதான்" என்கிறாள். காலைக் காட்டச் சொன்னேன். அம்மாடி! கெண்டைக்காலின் உட்புறம் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வழண்டு, ஓரமெல்லாம் கன்றிப்போயிருந்தது. என் கணவர் பார்த்துவிட்டு, "போதும், இந்தக் குதிரை வேலையை விட்டுறச் சொல்லு" என்று எழுந்து போய்விட்டார். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி சாப்பிடவும் இல்லை. அடுத்த மாதம் ஒரு போட்டிக்கு ஆள் எடுக்கிறார்களாம். அதற்குள் கால் ஆறி அவள் மறுபடி ஏறினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. புண் ஆறுவது ஒரு பக்கம். ஆறின தோல் மறுபடி வழளாமல் இருக்க வழி வேண்டுமே! அந்த வழி கிடைத்தால்தான் அப்பாவிடம் நான் வாயைத் திறக்க முடியும்.

புண் எங்கிருந்து வருகிறது?

மகளைத் திண்ணையில் குப்புறக் கவிழ்த்த உரலின் மேல் உட்காரவைத்து, "எப்படி உட்காருவே, எப்படி எழுந்திருப்பே, செஞ்சு காட்டு" என்றேன். உரல்தான் குதிரை! காரணம் தெரியாமல் மருந்து தேடக்கூடாது பாருங்கள்.

சேணத்தின் இரண்டு பக்கமும் தோல் வார் தொங்குகிறது. அதன் நுனியில்தான் பாதத்தை நுழைக்கிற அங்கவடி. குதிரை துள்ளுநடை போடும்போது சவாரி செய்கிறவள் அடிக்கு அடி எழுந்து எழுந்து உட்கார வேண்டும். ஒவ்வொரு தடவையும் கெண்டைச் சதை அந்த வாரோடு உரசுகிறது. வார் இரண்டு மடிப்பாக இருப்பதால் மடிப்புக்கு நடுவில் சதை மாட்டிக்கொண்டு கிள்ளவும் செய்கிறது. போதாததற்கு பேன்ட் துணி மேலே ஏறிச் சுருங்கி, சுருக்கமே கயிறு மாதிரி அறுக்கிறது. ஜீன்ஸின் உள்தையல் தடிப்பாக இருக்கும் அல்லவா, அது வேறு. இதெல்லாம் வியர்வையில் ஊறின தோலின் மேல் அரைமணி நேரம் நடந்தால் என்ன ஆகும்?

எங்கள் ஊர்ப் பனையேறிகள் மார்பில் தோல் கட்டிக்கொண்டுதான் மரத்தில் ஏறுவார்கள். மரத்தோடு உரசுவது அந்தத் தோலாக இருக்கட்டும், நம் தோலாக இருக்கவேண்டாம் என்பதுதான் காரணம். அந்தத் தோல் உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும். அது தளர்ந்து நகர்ந்தால் அதுவே உடம்பைத் தேய்த்துவிடும். சவாரிக்கால் உறையிலும் இதே சூட்சுமம்தான். உறைக்கும் வாருக்கும் நடுவில் எவ்வளவு உரசினாலும் பரவாயில்லை. உறைக்கும் காலுக்கும் நடுவில் உரசல் இருக்கக்கூடாது. இது புரிந்ததும் விலையைப் பார்த்து மயங்குகிற வேலையே எனக்கு இல்லாமல் போயிற்று.

ஆளுக்கு ஒரு யோசனை

வீட்டில் விஷயம் தெரிந்ததும் யோசனைக்கா பஞ்சம்? கொழுந்தன் மகன் தன் கிரிக்கெட் பேடைத் தூக்கிக்கொண்டு வந்தான். பந்து வந்து மோதுவது முன்னெலும்பில். பேடும், கால்பந்துக்காரர்கள் வைக்கிற தகடும் முன்பக்கத்தைத்தான் காக்கும். இங்கே புண்ணாவது உட்பக்கம். அவனுக்கு ஒரு முறுக்கைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன்.

உரக்கடையில் தொங்குகிற கம்பூட் வாங்கிக் கொடு என்றார் ஒரு அக்கா. பாம்புக்கும் சேற்றுக்கும் அது சரி. சவாரிக்கு ஆகவே ஆகாது. காலில் தொளதொளவென்று ஆடும், உள்ளே வியர்த்துக் கொட்டும், அடிப்பகுதி அகலமாக இருப்பதால் அங்கவடியில் சிக்கிக்கொள்ளும். குதிரையிலிருந்து விழுவதைவிட, விழுந்தபின் கால் அங்கவடியில் மாட்டி இழுபடுவதுதான் பெரிய ஆபத்து. பாதத்தில் போடுவது எதுவானாலும் சட்டென்று கழன்று வருமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சுளுக்குக்குக் கட்டுகிற கிரேப் பாண்டேஜைச் சுற்றிக்கொண்டால் என்ன என்று நானே யோசித்தேன். மகள் வேண்டாம் என்றாள். ஓர் இடத்தில் இறுக்கமும் ஓர் இடத்தில் தளர்வுமாக இருக்கும். சவாரி நடுவில் அவிழ்ந்து நுனி தொங்கினால் ஆபத்து. பழைய காலத்துப் பட்டாளக்காரர்கள் காலில் சுற்றிய 'பட்டி' இந்த வகைதான். இந்திச் சொல்லான அதுதான் இங்கிலீஷிலும் போய் உட்கார்ந்துகொண்டது. முதல் உலகப் போரில் நம் சிப்பாய்களும் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அதைச் சுற்றிக்கொண்டுதான் நின்றார்கள். அதில் ஒரு வேடிக்கை: காலாட்படைக்காரர்கள் கணுக்காலில் ஆரம்பித்து மேலே சுற்றி முழங்காலுக்குக் கீழே முடிச்சுப் போடுவார்கள். குதிரைப்படைக்காரர்களோ மேலே ஆரம்பித்துக் கணுக்காலில் கொண்டுவந்து முடிப்பார்கள். முடிச்சு சேணத்தோடு உரசும் இடத்தில் இருக்கக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள்! நேர்த்தியாகச் சுற்றப் பழக்கம் வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு அரைத் தூக்கத்தில் ஓடுகிற பெண்ணுக்கு அது சரிப்படாது.

உள்ளே போடுவதைச் சரிசெய்யுங்கள்

உறை வாங்குவதற்கு முன்னால், அதற்கு உள்ளே என்ன போடுகிறாள் என்று பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும், காசும் அதிகம் ஆகாது. ஜீன்ஸை முதலில் கழற்றி வையுங்கள். முழங்காலிலிருந்து கணுக்கால்வரை சதையோடு ஒட்டின மாதிரி, சுருக்கம் விழாமல், உட்புறத் தையல் தட்டையாக இருக்கிற கால்சட்டைதான் வேண்டும். சவாரிக்கென்றே தைக்கிற ஜோத்பூர் கால்சட்டை அப்படிப்பட்டது. 1897இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்கு ஜோத்பூரிலிருந்து போன சர் பிரதாப் சிங்கும் அவருடைய ஆட்களும் போட்டிருந்ததைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டதாம் அது. அதற்கு மூத்தவள் நம் சுடிதார்தான்! ஆனால் சுடிதாரை அப்படியே போட்டுக்கொண்டு ஏறிவிடாதீர்கள். கணுக்காலில் வளையல் வளையலாக மடிப்பு விழுமே, அது கடிக்கும். கனமான பருத்தியில் கொஞ்சம் இழுவை கலந்த லெக்கிங்ஸ் ஆரம்பத்துக்குத் தாராளமாகப் போதும். மெல்லிசு வேண்டாம், உட்காரும் இடத்தில் நாலே நாளில் கிழியும்.

அதன்மேல் முழங்கால்வரை வருகிற காலுறை. பள்ளிக்கூட யூனிஃபாரத்துக்கு விற்கிற நீளமான காலுறை இருக்கிறதே, அதுவே போதும். கெண்டைக்கால் நடுவில் முடிகிற குட்டைக் காலுறை கூடாது. அதன் எலாஸ்டிக் விளிம்பு சரியாகப் புண்ணாகும் இடத்தில் வந்து நிற்கும். காலுறை முழுப் பருத்தியாக இருந்தால் வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும். கலப்பு நூல் சீக்கிரம் காயும்.

இன்னொரு விஷயம், பெண்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டியது. காலில் முடி எடுக்கிற பழக்கம் உள்ள பெண்கள் சவாரிக்கு முதல் நாளோ அன்றைக்கோ எடுக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல்களின் மேல் வியர்வையும் உரசலும் சேர்ந்தால் எரிச்சல் தாங்காது. பவுடரை அப்பிக்கொண்டு போவதிலும் பிரயோஜனம் இல்லை. வியர்வையில் குழைந்து திட்டுத் திட்டாக நிற்கும்.

ஷூவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கணுக்காலை மூடுகிற, ஏறக்குறைய ஓர் அங்குலக் குதிகால் உள்ள, அடிப்பகுதி ரொம்பப் பள்ளம் மேடு இல்லாத ஷூ வேண்டும். குதிகால் இருந்தால்தான் பாதம் அங்கவடிக்குள் முழுசாக நுழைந்து மாட்டாது. ஓட்டப் பந்தய ஷூ, செருப்பு எதுவும் கூடாது. கையில் இருக்கிற பணத்தில் முதலில் தலைக்கவசம், அடுத்து ஷூ, மிச்சத்தில்தான் கால் உறை. உறை உரசலைத் தடுக்குமே தவிர, குதிரை உதைத்தாலோ கீழே விழுந்தாலோ எலும்பைக் காக்காது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிவைக்க வேண்டும்.

கடையில் வாங்கினால்

படங்களில் பார்க்கிற முழங்கால்வரை வரும் தோல் பூட்ஸ் கற்றுக்கொள்கிற பெண்ணுக்கு அவசியமே இல்லை. விலையும் அதிகம், நம் வெயிலுக்குக் கொதிக்கும். வளர்கிற வயதில் அடுத்த வருஷம் சேராமல் போகும். குட்டை ஷூவும், அதன்மேல் 'ஹாஃப் சாப்ஸ்' என்று விற்கிற அரைக்கால் உறையும் போட்டால் அதே பலன். முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால்வரை மூடி, வெளிப்பக்கம் ஜிப் வைத்து, ஷூவுக்கு அடியில் ஓர் எலாஸ்டிக் பட்டை ஓடும். அவ்வளவுதான் விஷயம். விளையாட்டுச் சாமான் கடைகளில் செயற்கைத் துணியில் கிடைக்கிறது. உண்மைத் தோல் வேண்டுமென்றால் சேண வேலைக்குப் பேர்போன கான்பூர்ச் சரக்கு இருக்கிறது. அந்த ஊர்ச் சேணத்துக்குப் புவிசார் குறியீடே உண்டு.

வாங்கும்போது அளவுதான் முக்கியம். எல்லாரும் சுற்றளவை மட்டும் எடுத்து ஏமாறுகிறார்கள். சவாரிக்குப் போடும் கால்சட்டையும் காலுறையும் போட்டுக்கொண்டு, சாயங்காலம் அளவெடுங்கள். நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். காலையில் எடுத்த அளவில் வாங்கினால் பிறகு இறுக்கும். கெண்டைச் சதையின் பருத்த இடத்தில் சுற்றளவு எடுத்தபின், நாற்காலியில் உட்காரவைத்து, பாதம் தரையில் படிய, முழங்காலை மடித்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்புவரை உயரம் எடுங்கள். இரண்டு காலையும் அளக்க வேண்டும், சில பேருக்கு வித்தியாசம் இருக்கும். தோல் உறை பழகப் பழகக் கணுக்காலில் மடிந்து கொஞ்சம் இறங்கும். ஆகையால் புதுசில் முழங்கால் மடிப்பை லேசாகத் தொட்டாற்போல் இருந்தால் தப்பில்லை. துணி உறை அவ்வளவாக இறங்காது, அதற்கு அந்தச் சலுகை வேண்டாம்.

போட்டபின் உறையை விரலால் கிள்ளிப் பாருங்கள். துணி கையில் வந்தால் தளர்வு என்று அர்த்தம். குந்தி எழச் சொல்லுங்கள். முழங்காலுக்குப் பின்னால் குத்தக்கூடாது, கால்விரல் மரத்துப்போகக்கூடாது. உட்பக்கத்தில் கையை ஓட்டிப் பாருங்கள். தையல், பொத்தான், லேபிள் எதுவும் நெருடக்கூடாது. ஜிப்பின் உள்ளே ஒரு துணிப் பட்டை இருக்க வேண்டும், மேலே ஜிப்பின் தலையை அமுக்கி வைக்க ஒரு பொத்தான் நாக்கும் வேண்டும். ஒட்டிப் பிரிக்கிற பட்டை வைத்தது விலை குறைவுதான். ஆனால் அதில் குதிரை மயிரும் வைக்கோலும் சேர்ந்து கொஞ்ச நாளில் பிடிமானமே போய்விடும். ரெக்ஸின் உறை பார்க்கத் தோல் மாதிரி பளபளக்கும். வழுக்கும், காற்றே போகாது. அதைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வீட்டில் தைத்தால்

அளவு அளவு என்று இத்தனை சொல்கிறார்களே, அளவெடுத்துத் தைப்பதுதானே நம் வேலை என்று தோன்றிவிட்டது எனக்கு. மகனின் பழைய ஜீன்ஸ் ஒன்று நன்றாகத் துவைத்துச் சுருங்கி, இனிச் சுருங்க வழியில்லாமல் இருந்தது. புதுத் துணியில் தைப்பதானால் இரண்டு தரம் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும்.

முழங்காலுக்கு இரண்டு விரல்கடை கீழே, கெண்டையின் பருத்த இடம், அதற்குக் கீழே சதை இறங்கும் இடம், ஷூவோடு சேர்த்துக் கணுக்கால் என்று நாலு இடத்தில் சுற்றளவு எடுத்துச் செய்தித்தாளில் வரைந்துகொண்டேன். அந்தத் தாளையே காலில் சுற்றிக் குண்டூசி குத்திப் பார்த்துத் திருத்திய பிறகுதான் கத்தரிக்கோலை எடுத்தேன். ஜீன்ஸ் காலில் இருக்கும் தடித்த தையல்கள் உட்பக்கம் வராதபடி, தையல் இல்லாத நடுத்துணியில் ஒரே துண்டாக வெட்டுங்கள். சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்கு விடுங்கள். வெளிக்கால் பக்கம்தான் திறப்பு. பெட்டிக்கு வைக்கிற மாதிரிப் பல் பெரிதான ஜிப். சுடிதார் ஜிப் வைத்தால் ஒரு வாரம்கூட வராது. உள்ளே பழைய பருத்திச் சேலையில் லைனிங். கணுக்காலில் முன்பக்கம் ஷூவின் மேல் படிய வளைவாக வெட்ட வேண்டும், நேராக வெட்டினால் நடக்கும்போது குத்தும்.

உட்பக்கம் வாரோடு உரசுகிற இடத்துக்கு மட்டும் ஒரு தோல் துண்டு வேண்டும். சொரசொரப்பு வெளியே தெரிகிற ஸ்வேட் வகைத் தோல்தான் சரி. அது சேணத்தில் வழுக்காது. சென்னையில் பெரியமேடு தோல் வியாபாரத்துக்குப் பெயர்போன இடமாயிற்றே, மகள் அங்கே போய் இரண்டு சாண் துண்டு 150 ரூபாய்க்கு வாங்கி வந்தாள். தோலைத் தைக்கப்போய் வீட்டு மிஷினைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஜீன்ஸ் துணியை 18ஆம் நம்பர் ஊசியில் நானே தைத்தேன். தோலை அருப்புக்கோட்டையில் செருப்புத் தைக்கிற பெரியவரிடம் கொடுத்தேன். "குதிரைக்கா தாயி? இல்ல குதிரை ஏறுறவுகளுக்கா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, ஓரத்தைச் சீவி மெல்லிசாக்கி, கை நெருடாமல் தைத்துக் கொடுத்தார். அந்த ஓரம் சீவுகிற வேலை நமக்கு வராது. தடித்த ஓரத்தோடு தைத்தால் புண்ணுக்கு இன்னொரு இடம் தயார் செய்த மாதிரி.

அவர் கூலி 100 ரூபாய், ஜிப் இரண்டும் எலாஸ்டிக்கும் பொத்தானுமாக இன்னொரு 150. ஆக 400 ரூபாயில் முடிந்தது. மகள் போட்டு உரலின் மேல் நூறு தடவை எழுந்து உட்கார்ந்து காட்டினாள். என் கணவர் பேப்பர் படிப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஜிப்பு தாங்குமா?" என்று மட்டும் கேட்டார். அதுதான் சம்மதம்!

இதற்கிடையில் புண்ணையும் ஆற்ற வேண்டியிருந்தது. புண் ஆறும்வரை சவாரி கூடாது. புதுப் புண்ணின் மேல் எந்த உறையைப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. சுத்தமான தண்ணீரிலும் சாதாரண சோப்பிலும் மெதுவாகக் கழுவி, ஒற்றி எடுத்து, வாஸ்லின் தடவி, ஒட்டாத காஸ் துணி வைத்துக் கட்டினோம். கொப்புளம் இருந்தால் உடைக்கக்கூடாது. காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சளும் எண்ணெயும் என்று மாமியார் ஒவ்வொன்றாக நீட்டினார். எதையும் கிட்டே விடவில்லை. சிவப்பு பரவினாலோ, சுட்டாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ வீட்டு வைத்தியம் கூடாது, டாக்டரிடம் போய்விட வேண்டும்.

குதிரை விஷயத்தில் எல்லாத் தாய்மாரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வில்வாத ஜன்னி என்கிற டெட்டனஸ் கிருமியின் வித்துக்கள் மண்ணிலும் சாணத்திலும் இருக்கும். குதிரைச் சாணம் அதற்குப் பெயர் போனது. லாயத்தில் வேலை செய்கிற பெண்ணுக்குத் திறந்த புண் இருந்தால் அலட்சியமே கூடாது. நம் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் 10 வயதில் ஒன்றும் 16 வயதில் ஒன்றும் போடுகிறார்கள். பெண்ணுக்கு இரண்டும் போட்டாயிற்றா என்று பழைய சீட்டை எடுத்துப் பாருங்கள். அதன்பின் பத்து வருஷத்துக்கு ஒருமுறை. அழுக்குப் பட்ட காயமாக இருந்து, கடைசி ஊசிக்கு ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டுமா என்று டாக்டரைக் கேட்டுவிட வேண்டும். என் மகளுக்கு 16 வயது ஊசி விட்டுப்போயிருந்தது, அந்தச் சமயம் அவளுக்கு அம்மை போட்டிருந்ததால். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொண்ட பிறகே ரயில் ஏற்றினேன்.

பன்னிரண்டாம் நாள் தோல் காய்ந்து புதுத்தோல் வந்தது. முதல் வாரம் பத்து நிமிஷம், அடுத்த வாரம் இருபது என்று ஏறினாள். நாள்தோறும் ராத்திரி வீடியோவில் காலைக் காட்டச் சொல்வேன். "அம்மா, எல்லாரும் சிரிக்கிறாங்க" என்பாள். சிரித்தவர்களில் இரண்டு பெண்கள் இப்போது என்னிடம் அளவு கொடுத்துத் தைத்துக்கொண்டார்கள். போட்டிக்குப் பெயர் சேர்ந்தது. பரிசு வாங்கவில்லை, ஆனால் கால் முழுசாக இருந்தது.

பராமரிப்பு ஒன்றும் பெரிசில்லை. சவாரி முடிந்ததும் ஜிப்பைத் திறந்து உட்புறத்தை வெளியே திருப்பி நிழலில் தொங்கவிட வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் போட்டால் தோல் அப்பளமாகிவிடும். சென்னை மழைக்காலத்தில் மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். குதிரை மயிரை ஈரக்கையால் வழித்தால் உருண்டு வந்துவிடும். துவைக்கும்போது ஜிப்பை மூடி, தோல் துண்டில் அதிகம் தண்ணீர் படாமல், சோப்பு நுரையால் துணியை மட்டும் பிரஷ் போட்டு அலசலாம். ஷூவுக்கு அடியில் போகிற எலாஸ்டிக்தான் சரளைக் கல்லில் தேய்ந்து நாலு மாதத்தில் அறுந்துவிடுகிறது. அதை உறையோடு சேர்த்துத் தைக்காமல் இரண்டு பக்கமும் பொத்தான் வைத்துவிட்டேன். மகளின் பெட்டியில் எலாஸ்டிக் துண்டுகள் நாலு எப்போதும் இருக்கும். அறுந்தால் அவளே மாட்டிக்கொள்கிறாள்.